பேத்தியின் பெட்டி குடிக்கும் தண்ணீர்

75 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், அதே அளவு உயரம், 18 மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பலகை. சொப்புச் சாமான்கள், பம்பரம், கட்டை வண்டி, துணிப் பொம்மைகள் எல்லாம் அடங்கக்கூடிய இப்படி ஒரு பெட்டியைச் செய்து தராசில் வைத்தால் ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். அதே பெட்டியைக் கத்திரி வெயிலில் ஒரு முறையும் கார்த்திகை மழையில் ஒரு முறையும் நிறுத்துப் பார்த்தால் எடை மாறியிருக்கும். வித்தியாசம் அரை லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான தண்ணீர். அந்தத் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. காற்றில் இருந்த ஈரத்தைப் பலகைகள் தாமாகவே இழுத்துக்கொண்டன.

பேத்திக்கு ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்று உட்காரும் தாத்தாவும் பாட்டியும் முதலில் யோசிப்பது அதன் பலத்தைப் பற்றித்தான். கனமான பலகை, நீளமான ஆணி, ஒவ்வொரு மூலையிலும் நான்கு திருகாணி. ஆனால் பொம்மைகளின் பாரத்தால் உடைந்த பெட்டியை நான் கண்டதில்லை. பெட்டிகள் உடைவது அந்த அரை லிட்டர் தண்ணீரால். வருடத்துக்கு ஒரு முறை உள்ளே வந்து வெளியே போகும் அந்தத் தண்ணீருக்கு வழி விட்டுச் செய்த பெட்டி மூன்று தலைமுறை நிற்கும். வழி விடாமல் இறுக்கி முடுக்கியது இரண்டாம் வருடமே வாய் பிளக்கும்.

இதைப் புரிந்துகொள்ள மரத்துக்குள் கொஞ்சம் போக வேண்டும். மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி, உள்ளே வெற்றிடம் உள்ள நுண்குழாய்கள் நெடுக்குவாட்டில் அடுக்கப்பட்ட பொருள். ஒவ்வொரு குழாயும் ஒரு காலத்தில் உயிருள்ள செல்லாக இருந்தது. அதன் சுவர் செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகள் சேர்ந்த இழைகளால் ஆனது. இழைகளுக்கு இடையே லிக்னின் என்ற பொருள் நிரம்பிக் கெட்டிப்படுத்துகிறது. செல்லுலோஸ் மூலக்கூறின் மேல் நெடுக ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுக்கு அவற்றின் மேல் மிகுந்த ஈர்ப்பு. காற்றில் ஈரம் கூடினால் தண்ணீர் வந்து அவற்றில் ஒட்டிக்கொண்டு, இழைகளைப் பக்கவாட்டில் தள்ளி இடம் பிடித்துக்கொள்கிறது. இழைகள் பெரும்பாலும் செல்லின் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால்தான் ஈரம் ஏறிய மரம் தடிக்கிறது, அகலமாகிறது, ஆனால் நீளவே நீளாது என்று சொல்லிவிடலாம்.

வெட்டிய புதிதில் மரத்தில் இருக்கும் தண்ணீர் இரண்டு வகை. குழாய்களுக்குள் தேங்கி நிற்பது ஒன்று, சுவருக்குள் ஊறியிருப்பது மற்றொன்று. காயும்போது முதலில் போவது குழாய்த் தண்ணீர். அது போகும்வரை எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் ஈரம் உலர் எடையில் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கும்போது குழாய்கள் காலியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு சுவரிலிருந்து தண்ணீர் கிளம்புகிறது. சுருக்கமும் முறுக்கலும் வெடிப்பும் தொடங்குவது அங்கேதான்.

சுருங்குவதிலும் எல்லாத் திசையும் ஒன்றல்ல. பச்சைத் தேக்கு முழுக்க உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கிலேயே ஏறத்தாழ 5.8 சதவீதம் சுருங்குகிறது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையிலோ 2.5 சதவீதம்தான். நடுவிலிருந்து ஆரக்கால்களாகப் புறப்படும் கதிர்த் திசுக்கள் அந்தத் திசையில் மரத்தைப் பிடித்து நிறுத்துவது இதற்கு ஒரு காரணம். இந்த வித்தியாசத்தால்தான் பலகை குழிகிறது. அறுத்த பலகையின் தலைமுகத்தில் வளையங்கள் வில்லாக வளைந்து தெரியும். காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகையின் பட்டைப் பக்கம் குழியும். பலகையை வாங்கும்போது முகத்தின் அழகை மட்டும் பார்க்காமல் தலைமுகத்தையும் பாருங்கள். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக ஓடும் பலகை கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை மூடிக்கு ஒதுக்கி வையுங்கள்.

இனி நம் பெட்டிக்கான கணக்கு. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்திலேயே நீடித்தால் மரத்தின் ஈரம் மெல்ல இறங்கி ஏழரை சதவீதம் அளவில் நிற்கும். ஈரப்பதம் 80 ஆனால் 16 அளவுக்கு ஏறும். வீட்டுக்குள் இருக்கும், பாலிஷ் போட்ட பலகை இந்த இரண்டு எல்லையையும் தொடாது. வருடத்தில் 10க்கும் 14க்கும் இடையே அது ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்கு மூடி இந்த நான்கு புள்ளிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். 75 சென்டிமீட்டர் நீளத்திலோ மாற்றம் 0.2 மில்லிமீட்டர்கூட இராது. பெட்டி செய்யும் கலை முழுக்க இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் நகரும் பலகையை, நகரவே நகராத இன்னொரு பலகையோடு குறுக்கே சேர்த்து அசையாமல் ஒட்டினால் இரண்டில் ஒன்று தோற்கத்தான் வேண்டும். நெடுக்கில் இழுத்தால் பெரும் பாரம் தாங்கும் மரம், குறுக்கில் இழுத்தால் எளிதில் கிழிந்துவிடும். ஆகவே வெடிப்பு எப்போதும் மரத்தின் நெடுக்கில் ஓடும் ரேகையோடுதான் போகும்.

நம் ஊர் பழைய வீடுகளின் கதவுகளைச் செய்த தச்சர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். சுற்றிலும் சட்டம், சட்டத்தில் காடி, காடிக்குள் ஒட்டாமல் செருகிய பலகை. சட்டம் குறுகலாக இருப்பதால் அதன் அகல மாற்றம் சொற்பம். நடுப் பலகை காடிக்குள் தன் இஷ்டத்துக்கு விரிந்து சுருங்கும். நூறு மழைக்காலம் பார்த்த கதவு இன்னும் தட்டாமல் மூடுகிறதென்றால் காரணம் அதுதான்.

பெட்டியின் நான்கு பக்கங்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. நான்கு பலகைகளிலும் ரேகை கிடைமட்டமாக, பெட்டியைச் சுற்றி ஓடும்படி அமைத்துவிடுங்கள். ஈரம் ஏறும்போது நான்கும் சேர்ந்து உயரத்தில் மட்டும் வளரும், சேர்ந்தே இறங்கும். மூலையில் ஒன்றையொன்று இழுக்க வேண்டிய அவசியமே வராது. மூலைகளைப் புறாவால் இணைப்பாக வெட்டினால் இன்னும் நல்லது. பண்டை எகிப்தின் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களிலேயே இந்த இணைப்பு இருக்கிறது. விரிந்த வால்கள் இழுவையைத் தாமே தாங்குகின்றன. அதோடு, பசை பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. பலகையின் தலைமுகத்தில் பசை பூசினால் திறந்த குழாய் வாய்கள் அதை உறிஞ்சிவிடும், பிடிப்பு நிற்காது. ரேகையின் பக்கங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் பசையின் முழுப் பலம் வெளிப்படும். அங்கே ஒழுங்காக ஒட்டிய இணைப்பை உடைத்தால் பசை விடுவதற்கு முன் பக்கத்து மரம் பிய்ந்துவிடும்.

முன்பு தச்சர்கள் காய்ச்சியது வஜ்ஜிரம், அதாவது மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த புரதப் பசை. 1959இல் ஃபெவிகால் சந்தைக்கு வந்த பிறகு வெள்ளைப் பசை அந்த இடத்தைப் பிடித்தது. அதில் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொள்ள, துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. பசையைத் தடவிவிட்டு இறுக்கமாகக் கிளாம்ப் போடச் சொல்வது இந்தப் படலம் மெல்லியதாக அமைவதற்காக. இழைத்த அன்றே ஒட்டிவிடுவது நல்லது. நாள் ஆக ஆகத் தேக்கின் எண்ணெய்ப் பசை மேற்பரப்புக்கு வந்து ஒட்டுதலைக் கெடுக்கும்.

அடிப்பலகையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அதை நான்கு பக்கமும் பசை போட்டு, ஆணி அடித்து முடித்துவிடத் தோன்றும். ஒரு ஆசாரி என்னிடம் சொன்னார்: “காடியில கொஞ்சம் எடம் விடுங்க ஐயா. பசையே வேண்டாம். மழைக்கு உப்பும், வெயிலுக்கு இறங்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும்.” அவர் சொன்ன இடம், காடியின் இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர். நாம் மேலே போட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது. மூடியின் உட்புறம் குறுக்கே அடிக்கும் ரீப்பருக்கும் இதே விதி. நடுத் திருகாணிக்கு வட்டத் துளை, ஓரத் திருகாணிகளுக்கு நீள்துளை. மூடி விரியும்போது திருகாணி அந்தத் துளைக்குள் நகர்ந்துகொள்ளும். திருகாணி பித்தளையாக இருக்கட்டும். மரத்தில் இருக்கும் டானின், இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கருப்புக் கறையாகப் பரவும், போகவே போகாது.

அடிப்பகுதிக்குப் பிளைவுட் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய தாள்கள் ஒன்றின் விரிவை மற்றொன்று தடுத்துவிடுவதால் அது அசையாது. ஆனால் மலிவான பிளைவுட்டிலும் எம்டிஎஃப் பலகையிலும் உள்ள பசை பல மாதங்களுக்கு ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. மூடிய பெட்டிக்குள் தலையை நுழைத்து விளையாடப்போகிறவள் குழந்தை. குறைந்த வாயு விடும் ரகம் என்று முத்திரை உள்ளதையே கேட்டு வாங்கி, அறுத்த ஓரங்களையும் சேர்த்துப் பூச்சு கொடுங்கள்.

மரம் எங்கே வாங்குவது? மாமரம் மலிவு, இழைக்கவும் சுலபம். ஆனால் அதன் மாவுச் சத்துக்காகத் துளைப்பான் வண்டுகள் வரும். ஒரு காலையில் பெட்டியின் கீழே மாவாகத் தூள் கொட்டிக் கிடக்கும். தேக்கின் வைரத்தில் கரையானுக்கு ஆகாத வேதிப்பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. வெளிறுப் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. புதுத் தேக்கு வாங்கினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். எனவே நான் பழைய வீட்டு மரத்தையே விரும்புகிறேன். இடித்த வீடுகளின் கதவும் ஜன்னலும் உத்திரமும் விற்கும் கடைகள் ஊர்தோறும் இருக்கின்றன. எத்தனையோ மழையையும் வெயிலையும் கண்டு ஆடி அடங்கிய மரம் அது.

அங்கேதான் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. பழைய கதவில் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் செந்நிறத்துக்கும் ஈயச் சேர்மங்களையே நெடுங்காலம் நிறமிகளாகக் கலந்தார்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1ஆம் தேதிதான். அந்தப் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயம் தூளாகி வீடு முழுவதும் படியும். விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உள்ளே எடுத்துக்கொள்கிறது. வளரும் மூளையை அது பாதிக்கும், அந்தப் பாதிப்பு திரும்பாது. ஆகவே பெயின்ட் அடித்த மரத்தைத் தொடாதீர்கள். பெயின்ட் படாத உத்திரத்தை அறுத்து வாங்குங்கள். எவ்வளவு நல்ல தேக்கானாலும் இதில் சமரசம் கூடாது.

பூச்சுக்கு எனக்குப் பிடித்தது அரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக வாழும் ஒரு சிறு பூச்சி தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. சுத்தப்படுத்திச் செதிலாக விற்கிறார்கள். எரிசாராயத்தில் ஊறவைத்துக் கரைத்துத் துணியால் பல மெல்லிய பூச்சுகளாகத் தடவினால் சாராயம் பறந்து பிசின் மட்டும் நிற்கும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகப் பயன்படும் பொருள் என்பதால், பெட்டியின் ஓரத்தைக் கடிக்கும் வயதிலுள்ள குழந்தைக்கும் பயமில்லை. கரைசலில் நிறமோ வேறு மருந்தோ கலக்காமல் இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் தடவலாமே என்பார்கள். அது என்றைக்கும் காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஏனென்றால் அதன் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. இந்த வினை வெப்பம் விடுவது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள். எந்தப் பூச்சானாலும் உள்ளும் புறமும் ஒரே அளவு பூச வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் பூசினால் மற்ற முகம் வேகமாக ஈரம் குடித்துப் பலகையை வளைத்துவிடும். பூச்சு ஈரத்தைத் தாமதிக்கும், தடுத்துவிடாது.

மிச்சமிருப்பது மூடி. அளவில் சிறிய பகுதி, ஆனால் பெட்டியின் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

நம் மூடியின் எடை சுமார் மூன்றரை கிலோ. செங்குத்தாக நிற்கும் மூடி தானாகச் சாய்ந்து விழுந்தால் அதன் முன் விளிம்பு மூடும் இடத்தில் வினாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் வந்து சேரும். மணிக்கு 12 கிலோமீட்டர். பாதி திறந்த நிலையில், அதாவது 45 டிகிரியில் விட்டால் மூட ஆகும் நேரம் கால் வினாடிதான். குழந்தை கையை எடுக்க அது போதாது. பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, பொம்மையைத் தேடி உள்ளே குனியும் வயதில் குழந்தையின் கழுத்து சரியாக அந்த விளிம்பின் மேல் இருக்கும். விழுந்த மூடியைத் தூக்கும் பலமும் அவளிடம் இருக்காது. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் உயிரிழந்ததைத் தொடர்ந்தே பொம்மைப் பெட்டி மூடிகளுக்கென்று தனி விதிகள் எழுதப்பட்டன.

அந்த விதிகள் கேட்பது இது. மூடியை 60 டிகிரி வரை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது 12 மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கக் கூடாது. மூடும் கடைசி 50 மில்லிமீட்டருக்கு மட்டும் விலக்கு. 7,000 தடவை திறந்து மூடிய பிறகும் அப்படியே நிற்க வேண்டும். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தரக்குறி கட்டாயம். வீட்டில் செய்வதை யாரும் சோதிக்க வரமாட்டார்கள், ஆகவே அந்தச் சோதனையை நாமே செய்ய வேண்டும். சாதாரணக் கீலும் ஒரு சங்கிலியும் போதாது. சங்கிலி மூடி பின்னால் போவதைத்தான் தடுக்கும், முன்னால் விழுவதை அல்ல. எந்தக் கோணத்திலும் பிடித்து நிற்கும் தாங்கிகள் வேண்டும். நம் மூடி ஏறத்தாழப் படுத்த நிலையில் கீலின் மேல் செலுத்தும் முறுக்கு 7 நியூட்டன் மீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கிகள், இரண்டும் சேர்ந்து அதைவிடச் சற்று அதிகம் தாங்குபவையாக வாங்குங்கள்.

கீல் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். மூடியின் முன் விளிம்பைக் குழந்தை லேசாக அழுத்தினாலும் கீலிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் அந்த விசை 13 மடங்காகும். நெம்புகோல் விதி. அங்கே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் நசுங்கும். இடைவெளி 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 12 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும். ஒன்று விரல் நுழையவே கூடாது, இல்லையென்றால் சிக்காமல் நுழைந்து வர வேண்டும்.

ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே ஏறி மூடிக்கொள்ளவும் கூடும். பெட்டியின் உள்ளளவு சுமார் 95 லிட்டர். 15 கிலோ எடையுள்ள குழந்தை அமைதியாக இருந்தாலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். பயந்து அழுதால் இன்னும் அதிகம். காற்று புகாத பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மூச்சுக்காற்றின் கரியமில வாயு அபாயமான அளவை நெருங்கிவிடும். ஆகவே பூட்டும் கொண்டியும் அறவே வேண்டாம். 30 லிட்டருக்கு மேற்பட்ட பெட்டிக்கு, 150 மில்லிமீட்டர் இடைவெளியில் குறைந்தது இரண்டு காற்றுத் துளைகள், ஒவ்வொன்றும் 650 சதுர மில்லிமீட்டர் என்கிறது விதி. பெட்டியை அறையின் மூலையில் இரண்டு சுவர்களோடு ஒட்டித் தள்ளினாலும் துளைகள் அடைபடக் கூடாது என்பது அதிலுள்ள நல்ல யோசனை. பக்கவாட்டில் கைப்பிடிக்காக வெட்டும் துளைகளில் ஒன்று அப்போது மறைந்துவிடும், எனவே அதை மட்டும் நம்ப முடியாது. முன்பலகையின் மேல் விளிம்பில் 300 மில்லிமீட்டர் நீளத்துக்கு, நடுவில் 20 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு மெல்லிய வளைவை வெட்டிவிட்டால் 4,000 சதுர மில்லிமீட்டர் திறப்பு கிடைக்கும். பெட்டி எங்கே இருந்தாலும் அது திறந்தே இருக்கும். முன் விளிம்பில் கை வைக்கும் குழந்தையின் விரல்களுக்கும் அங்கே இடம் உண்டு.

பேத்திக்கு ஒன்றரை வயதுதான் என்றால் நான் இப்போது மூடி மாட்டவே மாட்டேன். மூடியில்லாத பெட்டியிலிருந்து பொம்மையை எடுப்பதும் திரும்பப் போடுவதும் அந்த வயதுக்கு இன்னும் சுலபம். மூடியைச் செய்து, இரு முகமும் அரக்குப் பூசி, கீல் பதியும் குழிகளைப் பெட்டியிலும் மூடியிலும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்குக் கீழே சூடேறும் பரணில் மூடியைப் போட வேண்டாம். அங்கே அது காய்ந்து குழியும். பெட்டி இருக்கும் அறையிலேயே, சுவரிலிருந்து விரல் அளவு தள்ளி, இரு முகத்துக்கும் காற்றுப் படும்படி நிறுத்தி வைத்தால் பெட்டியின் ஈரம் ஏறும்போது அதன் ஈரமும் ஏறும், இறங்கும்போது அதுவும் இறங்கும். அவளுக்கு ஐந்து வயதாகும்போது கீலையும் தாங்கிகளையும் முடுக்கினால் வளையாமல் உட்காரும்.